குழாய் ஏன் வெடித்தது? பாதி சரியான ஒரு விடை

மாணவர்களே, இந்த வாரம் ஒரு சிரிஞ்சிலிருந்து தொடங்குவோம். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்றை ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். காற்றுக் குமிழி இல்லாமல் அதில் நீரை நிரப்புங்கள். நுனியை விரலால் இறுக மூடிக்கொண்டு, பின்பக்கத் தண்டை அழுத்துங்கள். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் தண்டு நகராது. இப்போது விரலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நீர் சொட்டுச் சொட்டாக வெளியேறும். தண்டும் எளிதாக நகரும்.

குளிர்நாட்டு வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் வெடிப்பதற்கான காரணமும், அதைத் தடுக்கும் வழியும் இந்த ஒரு நிமிடப் பரிசோதனைக்குள்ளேயே இருக்கின்றன. கட்டுரை முடியும் வரை இதை நினைவில் வைத்திருங்கள்.

இன்னொன்று. பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் 'பைப்' என்கிறோம். குழப்பம் வராமல் இருக்க, சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஓடுவதைக் 'குழாய்' என்றும், நாம் திறந்து மூடுவதைப் 'பைப்' என்றும் இங்கே வைத்துக்கொள்வோம்.

கனடாவிலிருந்து வந்த அழைப்பு

என்னிடம் படித்த மாணவி ஒருவர் இப்போது கனடாவின் வின்னிபெக் நகரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். தோழிகளுடன் ஒரு பழைய வாடகை வீட்டில் தங்கியிருக்கிறார். சனவரி மாதத்தில் ஓர் இரவு கடுங்குளிர் வரப்போகிறது என்று தெரிந்ததும், "சமையலறைப் பைப்பை மெல்லியதாகச் சொட்டவிட்டுத் தூங்குங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் மாலை அவரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "டீச்சர், தண்ணி வீணாப் போகுதேன்னு நான்தான் ராத்திரி பைப்பை மூடிட்டேன். காலையில தொறந்தா ஒரு சொட்டுக்கூட வரல. திரும்ப மூடிட்டு வகுப்புக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா சமையலறை முழுக்கத் தண்ணி!"

தண்ணீர்த் தடை வரும்போதெல்லாம் வாளிகளில் பிடித்து வைத்துப் பழகியவர்கள் நாம். சொட்டும் பைப்பைக் கண்டால் நம் கை தானாக அதை மூடப் போகும். அவர் செய்ததில் எனக்கு வியப்பில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது.

குழாய் உறைந்தது வெளிச்சுவருக்குள். ஆனால் பிளம்பர் வந்து பார்த்தபோது அந்த இடத்தில் செப்புக் குழாய்க்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அது பிளந்திருந்தது பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, பனிக்கட்டியே உருவாகாத இடத்தில். "பனிக்கட்டி விரிஞ்சு குழாயை உடைக்கும்னு நீங்க சொல்லிக் கொடுத்தீங்களே டீச்சர், அப்போ பனிக்கட்டி இல்லாத இடத்துல ஏன் உடைஞ்சது?"

நல்ல கேள்வி. அவருடைய பழைய தேர்வுத்தாளில் நான் முழு மதிப்பெண் கொடுத்த விடை, பாதிதான் சரி.

சரியான பாதி

முதலில் சரியான பாதியைப் பார்ப்போம். பெரும்பாலான பொருள்கள் திண்மமாகும்போது சுருங்கும். நீர் அப்படியல்ல. குளிரக் குளிர அது 4 டிகிரி செல்சியஸ் வரை சுருங்கும். அதன் பிறகு விரியத் தொடங்கும். 0 டிகிரியில் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் அறுகோண அமைப்பில் அடுக்கப்படுகின்றன. இந்த அமைப்பில் இடைவெளிகள் அதிகம். அதனால் 100 மில்லிலிட்டர் நீர் உறைந்தால் ஏறத்தாழ 109 மில்லிலிட்டர் பனிக்கட்டியாகிறது. கன அளவு 9 விழுக்காடு கூடுகிறது.

இந்த விரிவின் வலிமை லேசானதல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கனடாவின் கியூபெக் நகரில் பணியாற்றிய எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி இதைச் சோதித்துப் பார்த்தார். உள்ளே வெற்றிடமுள்ள இரும்புக் குண்டுகளில் நீரை நிரப்பி, துளையை இரும்பு அடைப்பால் அடித்து இறுக்கி, கடுங்குளிரில் வெளியே வைத்தார். நீர் உறைந்தபோது ஓர் அடைப்பு பிய்த்துக்கொண்டு நூறு மீட்டருக்கும் அப்பால் போய் விழுந்தது. துளை வழியாகப் பனிக்கட்டித் தண்டு ஒன்று வெளியே நீண்டு நின்றது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீர் விரிந்தபோது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உடையவில்லை. எது விட்டுக்கொடுக்குமோ அந்த வழியாகவே விரிவு வெளியேறியது.

விடுபட்ட பாதி

இப்போது குழாய்க்கு வருவோம். குழாய் என்பது இரண்டு பக்கமும் திறந்திருக்கக்கூடிய நீண்ட வழி. வெளிச்சுவரில் குளிர் படும் இடத்தில், குழாயின் உட்சுவரை ஒட்டி முதலில் ஒரு பனி வளையம் உருவாகிறது. அது மெல்ல உள்நோக்கி வளர்கிறது. அது வளரும்போது நடுவில் இன்னும் உறையாமல் இருக்கும் நீர், குழாயின் நீளவாக்கில் இருபுறமும் தள்ளப்படுகிறது. ஒரு பகுதி நீர் வந்த வழியே தெருக்குழாயை நோக்கித் திரும்பிப் போகும். அதனால் ஆபத்தில்லை. தெருக்குழாயில் இடம் இருக்கிறது.

மறுபக்கம் என்ன ஆகும்? பனிக்கட்டி குழாயை முழுவதும் அடைத்துவிட்டது, பைப்பும் மூடியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நீர் சிறைப்பட்டுவிட்டது. பனிக்கட்டி தொடர்ந்து வளர்ந்து அந்த நீரைத் தள்ளுகிறது. நீங்கள் சிரிஞ்சின் நுனியை மூடிக்கொண்டு தண்டை அழுத்தினீர்களே, அதே நிலைதான் இது. இங்கே தண்டு பனிக்கட்டி. விரல் மூடிய பைப்.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். உள்விட்டம் 13 மில்லிமீட்டர் உள்ள குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 133 மில்லிலிட்டர் நீர் இருக்கும். அந்தக் குழாயில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு நீர் உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். உறையும் 13.3 மில்லிலிட்டர் நீர், 9 விழுக்காடு விரிந்தால் கூடுதலாக 1.2 மில்லிலிட்டர் இடம் தேவை. அந்த விரிவு முழுவதும் பைப் பக்கமே தள்ளப்பட்டு, அங்கே ஒரு மீட்டர் நீளத்துக்கு நீர் சிறைப்பட்டிருந்தால், அந்த நீர் ஏறத்தாழ 0.9 விழுக்காடு சுருங்கியாக வேண்டும்.

ஆனால் நீர் எளிதில் சுருங்காது. 0 டிகிரிக்கு அருகில் அதை ஒரு விழுக்காடு சுருக்கவே ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம் தேவை. ஆகவே நம் கணக்கில் வரும் அழுத்தம் ஏறத்தாழ 180 வளிமண்டலம். வீட்டுக் குழாய்களில் வழக்கமாக இருப்பது 3 முதல் 5 வளிமண்டலம்தான்! குழாய் சற்றே விரிந்து கொடுக்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனால் சிறைப்பட்ட நீரின் நீளம் அரை மீட்டராக இருந்தால் அழுத்தம் இரு மடங்காகும். பனிக்கட்டி இன்னும் நீண்டால் மேலும் ஏறும்.

திரவத்தில் ஏற்படும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். எனவே சிறைப்பட்ட நீர் தொடும் ஒவ்வோர் இடத்தையும் அந்த அழுத்தம் தாக்குகிறது. அவற்றில் எது பலவீனமானதோ அது பிளக்கும். அது ஒரு வளைவாக இருக்கலாம், ஓர் இணைப்பாக இருக்கலாம், பனிக்கட்டியிலிருந்து தள்ளி, கதகதப்பான சமையலறைக்குள்ளும் இருக்கலாம். என் மாணவியின் வீட்டில் நடந்தது இதுதான்.

1990களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வாளர்கள் குழாய்களை உறைய வைத்து அழுத்தத்தை அளந்து பார்த்து இதை உறுதி செய்தார்கள். இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். பரணில் காப்புறை இல்லாமல் கிடக்கும் குழாய்களுக்கு, வெளி வெப்பநிலை 0 டிகிரியைத் தொட்டதுமே ஆபத்து வருவதில்லை. ஏறத்தாழ −7 டிகிரிக்கு இறங்கும்போதுதான் வருகிறது. வீட்டின் வெப்பம் கொஞ்சம் காக்கிறது. அதோடு, நீர் 0 டிகிரிக்குக் கீழே சில டிகிரி வரை குளிர்ந்தும் உறையாமல் திரவமாகவே இருக்க முடியும். இதை மீக்குளிர்வு என்பார்கள்.

பழகிய ஊரும் பழகாத ஊரும்

வின்னிபெக்கில் குளிர்காலத்தில் −20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். அங்கே வீடு கட்டுபவர்கள் இதைத் தெரிந்தே கட்டுகிறார்கள். தெருக்குழாய்களை இரண்டு மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் புதைக்கிறார்கள். வீட்டுக்குள் வரும் குழாயைச் சூடாக இருக்கும் நிலவறை வழியாகக் கொண்டுவருகிறார்கள். முடிந்தவரை வெளிச்சுவரைத் தவிர்க்கிறார்கள். பழைய வீடுகளில்தான் ஏதாவது ஒரு குழாய் தவறான சுவரில் மாட்டிக்கொள்கிறது.

அந்த ஊரையும் குளிர் ஏமாற்றியதுண்டு. 2014ஆம் ஆண்டு கடுங்குளிர்காலத்தின்போது உறைநிலை மண்ணுக்குள் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கி, 2,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கட்டடங்களுக்கும் நீர் கொண்டுசெல்லும் குழாய்கள் மண்ணுக்கடியில் உறைந்தன. காற்று சூடேறத் தொடங்கிய பிறகும் புதிய குழாய்கள் உறைந்துகொண்டிருந்தன. மண்ணில் வெப்பம் மிக மெதுவாகக் கடத்தப்படுகிறது. மேலே வசந்தம் வந்தாலும் கீழே குளிர் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போது, ஆபத்தான வீடுகளில் பென்சில் தடிமனுக்கு நீரை இரவும் பகலும் ஓடவிடும்படி நகராட்சியே கேட்டுக்கொண்டது.

பழகாத ஊரில் நிலைமை இன்னும் மோசம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கியது. டாலஸ் வட்டாரத்தில் வெப்பநிலை −19 டிகிரி வரை இறங்கியது. வெயிலுக்குப் பேர்போன அந்த மாநிலத்தில் பல வீடுகளின் குழாய்கள் கூரைப் பரண் வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் ஓடுகின்றன. மின் உற்பத்தி சரிந்து, 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. மின்சாரம் போனதும் வீட்டைச் சூடாக்கும் கருவிகள் நின்றன. வீடுகள் உள்ளேயும் உறைந்தன.

பலருக்குக் குழாய் வெடித்தது உடனே தெரியவில்லை. பனிக்கட்டியே அடைப்பாக இருந்து நீரைத் தடுத்தது. குளிர் தணிந்து அது உருகியபோதுதான் உட்கூரையைப் பிய்த்துக்கொண்டு நீர் கொட்டியது. பிளம்பர்கள் போதாமல், வெளி மாநிலத்தவர்களையும் வேலை செய்ய மாநில அரசு அனுமதித்தது. அந்தப் புயலில் இறந்தவர்கள் 246 பேர் என்பது மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் கடுங்குளிரால் உடல் வெப்பம் குறைந்து இறந்தவர்கள். குழாய் வெடிப்பு அந்தப் பெருந்துயரத்தின் ஒரு பகுதிதான். ஆனால் உயிர் தப்பியவர்களுக்கு, குடிக்க நீரும் தங்க வீடும் இல்லாமல் செய்தது அதுவே.

முன்கூட்டியே என்ன செய்வது?

உங்களில் சிலர் நாளை கனடாவிலோ பிரிட்டனிலோ கொரியாவிலோ படிக்கப் போகலாம். ஒவ்வொரு வழிமுறைக்கும் பின்னால் உள்ள காரணத்தைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

1. கடுங்குளிர் இரவில் வெளிச்சுவரை ஒட்டிய பைப்பை மெல்லியதாகச் சொட்டவிடுங்கள். மண்ணுக்கடியிலிருந்து வரும் நீர் கொஞ்சம் வெப்பத்தைக் கொண்டுவரும். அதைவிட முக்கியமாக, உள்ளே பனிக்கட்டி உருவானாலும் அழுத்தம் வெளியேற வழி இருக்கும். சிரிஞ்ச் நுனியில் விரலைத் தளர்த்துவது இதுதான்.

2. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். அறையின் வெப்பம் குழாயைச் சென்றடையும்.

3. வெளியூர் போனாலும் வீட்டைச் சூடாக்கும் கருவியை முழுவதும் அணைக்காதீர்கள். 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள பொதுவான அறிவுரை. நீண்ட நாள் போவதானால் முதன்மை வால்வை மூடி, பைப்புகளைத் திறந்து குழாய்களில் உள்ள நீரை வடித்துவிடலாம். நீரே இல்லாத குழாய் வெடிக்காது.

4. குழாய்களுக்கு நுரைக் காப்புறை போடுங்கள். ஆனால் காப்புறை வெப்பத்தை உண்டாக்காது. வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஓர் இரவுக் குளிரைத் தாங்கும். வெப்பமே இல்லாத இடத்தில் பல நாள் நீடிக்கும் குளிருக்கு, மின்சாரத்தால் சூடேறும் வெப்ப நாடா தேவைப்படும்.

5. சுவரில் குழாய் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். சின்ன இடுக்கு வழியாக வீசும் குளிர்காற்று, குழாயின் வெப்பத்தை மிக வேகமாக எடுத்துச் சென்றுவிடும்.

உறைந்துவிட்டால்?

காலையில் பைப்பைத் திறந்தால் நீர் வரவில்லை. முதல் வேலை, திறந்த பைப்பை மூடாமல் அப்படியே விடுவது. என் மாணவி அதை மீண்டும் மூடிவிட்டுப் போனதுதான் இரண்டாவது தவறு. அடுத்து, முதன்மை வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்காவது விரிசல் தெரிந்தால் உடனே அதை மூடுங்கள்.

பிறகு குழாயைச் சூடாக்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவி அல்லது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு போதும். பைப் இருக்கும் முனையிலிருந்து தொடங்கி, உறைந்த இடத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். அப்போதுதான் உருகிய நீர் பைப் வழியாக வெளியேறும். நடுவிலிருந்து தொடங்கினால் உருகிய நீர் இரண்டு பனிக்கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். பொறுமையும் வேண்டும். ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பத்தால் ஒரு கிலோகிராம் நீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம்.

தீச்சுவாலையை மட்டும் பயன்படுத்தவே கூடாது. அந்நாட்டு வீடுகளில் சுவருக்குள் மரச்சட்டங்கள் இருக்கும். குழாயைச் சூடாக்கப் போய் வீட்டையே எரித்துக்கொண்டவர்கள் உண்டு. தரையில் நீர் தேங்கியிருந்தால் மின்கருவியைத் தொடவும் கூடாது.

குழாய் பிளந்துவிட்டால் வால்வை மூடிய பிறகு, ரப்பர் தகடு வைத்த இறுக்கியைப் பிளவின் மேல் பூட்டித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். நிரந்தரத் தீர்வு, சேதமான துண்டை வெட்டியெடுத்துப் புதிய துண்டை இணைப்பதுதான். அதைப் பிளம்பரிடம் விடுவது நல்லது. பல புதிய வீடுகளில் செம்புக்குப் பதிலாக, சற்று விரிந்து கொடுக்கும் பாலிஎத்திலின் வகைக் குழாய்களைப் பொருத்துகிறார்கள். அவை வெடிப்பது குறைவு. ஆனால் அவற்றின் இணைப்புகள் உலோகமாகவோ கெட்டிப் பிளாஸ்டிக்காகவோ இருப்பதால் அங்கே உடையலாம். நனைந்த சுவரையும் தரையையும் ஓரிரு நாளுக்குள் உலர்த்த வேண்டும். இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

திருத்திய விடை

என் மாணவியின் வீட்டில் சமையலறைத் தரையை மாற்ற வேண்டியதாயிற்று. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. இப்போது அவர் குளிர் இரவுகளில் பைப்பைச் சொட்டவிட்டு, கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிடுகிறார். மறுநாள் தேநீருக்கு அந்த நீர்தானாம். நம் ஊர்ப் பழக்கமும் போகவில்லை, குழாயும் பிழைத்தது.

நான் என் பாடக்குறிப்பைத் திருத்திவிட்டேன். 'நீர் உறையும்போது விரிவடைவதால் குழாய் வெடிக்கிறது' என்று நீங்கள் எழுதினால் இனி நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். மீதிப் பாதி இது: 'விரியும் பனிக்கட்டிக்கும் மூடிய பைப்புக்கும் இடையே சிறைப்படும் நீரின் அழுத்தம் உயர்ந்து, அங்குள்ள பலவீனமான இடத்தில் குழாய் பிளக்கிறது.'

சிந்தித்துப் பாருங்கள்

குளிர்நாடுகளில் தோட்டத்துப் பைப் ஒன்றைச் சிறப்பாகச் செய்கிறார்கள். கைப்பிடி வெளியே இருக்கும். நீரை நிறுத்தும் வால்வு மட்டும் நீண்ட தண்டின் முனையில், வீட்டின் கதகதப்பான உட்பகுதியில் இருக்கும். மூடியதும் தண்டைச் சுற்றியுள்ள நீர் வெளியே வடிந்துவிடும். இவ்வளவு கவனமாகச் செய்த பைப்பும், செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைக் கழற்றாமல் விட்டால் குளிர்காலத்தில் வெடித்துவிடுகிறது. ஏன்? சிரிஞ்சை மீண்டும் கையில் எடுங்கள். விடை உங்கள் விரல் நுனியில் இருக்கிறது.